சிவனொளிபாதமலை: கூட்டத்தோடு ஏறும் சிகரம்



இலங்கையின் மத்திய மலைநாட்டில், இரத்தினபுரி மாவட்டமும் நுவரெலியா மாவட்டமும் எல்லை தொடும் இடத்தில், 2,243 மீட்டர் உயரத்துக்குக் கூம்பாக எழுந்து நிற்கிறது சிவனொளிபாதமலை. அந்த நாட்டின் மிக உயரமான மலை இதுவன்று. பிதுருதலாகலையின் உயரம் 2,524 மீட்டர். ஆனாலும் நள்ளிரவில் உறக்கம் விட்டு, கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, வயதான தாயைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு மக்கள் ஏறுவது இந்த மலைக்குத்தான். டிசம்பர் மாதப் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமி வரை, ஆறு மாத காலம், இலட்சக்கணக்கானோர் ஏறுகிறார்கள். அவர்களுள் வழிபட வருவோர் உண்டு. சூரிய உதயம் காண வருவோர் உண்டு. இரண்டுக்குமாக வருவோரும் உண்டு.

அந்த மலைக்குச் செல்லும் சுற்றுலாப் பயணி எதை அறிந்துகொண்டு செல்ல வேண்டும்? இன்றைய உரையின் பொருள் அதுதான். மலை எத்தகையது, உச்சியிலுள்ள பாதம் யாருடையது, முன்பு யார் யார் வந்தார்கள், வழி எது, மேலே காண்பது என்ன, கூட்டத்தில் நடந்துகொள்ளும் முறை என்ன என்று வரிசையாகப் பார்ப்போம். இவை அனைத்திலும் ஊடாக ஓடும் கருத்து ஒன்று உண்டு. இந்த மலையில் கூட்டத்தைத் தொல்லை என்று நினைப்பவர் மலையின் பாதியைக் காணாமலே திரும்புகிறார். தானும் அந்தக் கூட்டத்தில் ஒருவர் என்று உணர்பவரே முழு மலையையும் காண்கிறார்.

முதலில் மலை.

மிகப் பழங்காலத்துப் பாறையால் ஆனது இந்தச் சிகரம். அதன் தென்மேற்கு அடிவாரத்தில் இருக்கும் ஊருக்கு இரத்தினபுரி என்று பெயர். நீலமும் மாணிக்கமும் அங்கே ஆற்று மணலிலும் சரளை மண்ணிலும் கிடைக்கின்றன. மலையைச் சூழ்ந்த காட்டிலிருந்து களனி கங்கையும், களு கங்கையும், வளவை கங்கையும் ஊற்றெடுக்கின்றன. கொழும்பு நகரம் குடிக்கும் நீருக்கும், தென்புலத்து வயல்களில் பாயும் நீருக்கும் இந்தக் காடே தாய்மடி. சிறுத்தைகள் நடமாடும் காடு இது. மலைச்சரிவில் செந்நிறப் பூப் பூக்கும் மரங்களும், உலகில் வேறெங்கும் இல்லாத செடிகளும் தவளைகளும் பல்லிகளும் இதில் வாழ்கின்றன. 1940-ஆம் ஆண்டிலேயே இது வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2010-இல் யுனெஸ்கோ இலங்கையின் மத்திய மலைநாட்டை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோது, ஹோட்டன் சமவெளியோடும் நக்கிள்ஸ் காட்டோடும் இந்தச் சிகரக் காடும் இடம்பெற்றது. ஏறுகிறவர் ஒரு கோயிலுக்கு மட்டும் செல்லவில்லை, நாட்டின் நீர்த்தொட்டிக்குள் நுழைகிறார் என்பதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும்.

அடுத்தது பாதம்.

உச்சியில் ஒரு பாறை. அந்தப் பாறையில் ஏறத்தாழ 1.8 மீட்டர் நீளத்துக்குப் பாத வடிவில் ஒரு பதிவு. அதன்மேல் கட்டப்பட்டிருக்கிறது ஒரு சிறு கோயில். யாருடைய பாதம் அது? புத்தர் மூன்றாம் முறை இலங்கைக்கு வந்தபோது பதித்த பாதம் என்பது பௌத்தர்களின் நம்பிக்கை. அவர்கள் அதை ஸ்ரீபாத என்கிறார்கள். மலையின் காவல் தெய்வமாகச் சுமன சமனை வணங்குகிறார்கள். சிவபெருமானின் திருவடி என்பது சைவர்களின் நம்பிக்கை. முதல் மனிதர் ஆதம் மண்ணில் இறங்கிய இடம் என்பது இஸ்லாமியர்களின் நம்பிக்கை. இலங்கை முஸ்லிம்கள் இதைப் பாவா ஆதம் மலை என்று அழைப்பார்கள். கிறித்தவர்களுள் சிலர் ஆதாமின் அடி என்றும், சிலர் புனித தோமாவின் அடி என்றும் கருதினார்கள். பாதம் ஒன்று. அதன்முன் தலை தாழ்த்தும் சமயங்கள் நான்கு. உலகில் இப்படி ஓர் உச்சி எத்தனை உண்டு?

எப்போதும் எல்லாம் இணக்கமாகவே இருந்தது என்று சொல்ல முடியாது. மலையின் உரிமை கைமாறியிருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் சீதாவாக்கை மன்னன் முதலாம் இராஜசிங்கன் சைவத்தைத் தழுவியபின் மலையின் வருவாயைச் சைவத் துறவிகளிடம் ஒப்படைத்தான் என்று சூளவம்சம் என்னும் வரலாற்று நூல் கூறுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் கண்டியை ஆண்ட கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் அதைப் பௌத்த சங்கத்திடம் மீட்டுக் கொடுத்தான். கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அப்படி மீட்டுக் கொடுத்த கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் மதுரையிலிருந்து சென்ற நாயக்கர் வழியில் வந்தவன். உரிமை யார் கையில் இருந்தாலும் ஏறுகிறவர்கள் நிற்கவில்லை. அரசர்கள் மாறினார்கள், படிக்கட்டில் நடந்த கால்கள் மாறவில்லை.

யார் யார் நடந்தார்கள்? அது மூன்றாவது.

ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கைக்கு வந்த சீனத் துறவி பாஹியான், மலையுச்சியில் புத்தரின் அடி ஒன்று இருப்பதாக எழுதிவைத்தார். தமிழ்க் காப்பியமான மணிமேகலை இந்த மலையை அறிந்திருந்தது. ஓரிடத்தில் சமந்தம் என்றும், வேறோரிடத்தில் சமனொளி என்றும் அதைக் குறிப்பிட்டு, அங்கே சென்று வலம்வந்து திரும்பும் அறவோரைப் பற்றியும் பேசுகிறது. பதினொன்றாம் நூற்றாண்டில் முடிசூடிய முதலாம் விஜயபாகு, மலையேறும் யாத்திரிகர்களுக்காகச் செய்த ஏற்பாடுகளை அம்பகமுவைக் கல்வெட்டில் பொறித்துவைத்தான். வழிநடைக் களைப்போடு வருவோருக்கு உணவு கிடைக்க வேண்டும், தங்க இடம் கிடைக்க வேண்டும் என்று ஓர் அரசன் எண்ணினான் என்றால், அப்போதே அங்கே கூட்டம் இருந்தது என்றுதானே பொருள்? பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்கோ போலோவும், செங்குத்தான பாறையில் இரும்புச் சங்கிலிகளைப் பிடித்து மக்கள் ஏறுவதைக் குறித்துவைத்தார்.

இவர்கள் எல்லாரிலும் விரிவாகச் சொன்னவர் இப்னு பதூதா. மொரோக்கோ நாட்டுப் பயணியான அவர் 1344-இல் இலங்கையின் மேற்குக் கரையில் இறங்கினார். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியைப் புத்தளம் பகுதியில் சந்தித்தார். ‘இந்நாட்டில் என்ன வேண்டும்?’ என்று மன்னன் கேட்டபோது, ஆதமின் அடியைக் காண வேண்டும் என்பதொன்றே தம் விருப்பம் என்றார் அவர். மன்னன் பல்லக்குக் கொடுத்தான். ஆண்டுதோறும் அந்த மலைக்குச் சென்று பழகிய நான்கு யோகிகளையும், மூன்று பிராமணர்களையும், தன் பரிவாரத்தில் பத்துப் பேரையும், உணவு சுமக்கப் பதினைந்து பேரையும் உடன் அனுப்பினான். எண்ணிப் பார்க்க வேண்டும். வழிச்செல்பவர் ஒரு முஸ்லிம் பயணி. அனுப்பிவைப்பவன் ஒரு தமிழ் மன்னன். வழிகாட்டுவோர் சைவ யோகிகள். சென்று சேரும் இடம் பௌத்தர்கள் போற்றும் மலை. இந்தப் படிக்கட்டின் வரலாற்றை இதைவிடச் சுருக்கமாக யாரால் சொல்ல முடியும்?

அவர் கண்ட வழிகள் இரண்டு. ஒன்று பாவா வழி, மற்றொன்று மாமா வழி. முன்னது ஆதமின் பெயரால், பின்னது ஏவாளின் பெயரால். மாமா வழி எளிது. அந்த வழியாகத் திரும்பி வருவார்கள். ஆனால் அதன் வழியே ஏறிச் சென்றவர் யாத்திரை செய்தவராகக் கருதப்படமாட்டார். பாவா வழி கடினம். அதில் பத்துச் சங்கிலிகள். பத்தாவது சங்கிலியின் பெயர் கலிமாச் சங்கிலி. அந்த இடத்தில் நின்று கீழே பார்ப்பவருக்குத் தலைசுற்றி, விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் இஸ்லாமிய நம்பிக்கை மொழியான கலிமா தானாக வாயில் வரும் என்பதால் அந்தப் பெயர். கடைசி ஏற்றத்துக்கு முன் ஒரு குகையில் யாத்திரிகர்கள் தம் உடைமைகளை விட்டுவிட்டு வெறுங்கையோடு ஏறினார்கள். மேலே பாதத்தைச் சுற்றிப் பாறையில் ஒன்பது குழிகள் வெட்டப்பட்டிருந்தன. பொன்னும் மணியும் முத்தும் அவற்றில் காணிக்கையாக இடப்பட்டன. ஏறத்தாழ 680 ஆண்டுகளுக்கு முந்தைய செய்தி இது. சுமையைக் கீழே வைத்துவிட்டு ஏறு என்ற பாடம் இன்றைய பயணிக்கும் பொருந்தும்.

இனி, வழி.

மலைக்கு ஏறும் பாதைகள் பல. இரத்தினபுரிப் பக்கமிருந்து பலாபத்தலை வழியாக ஏறுவது பழைய பாதை. நீண்டது, கடினமானது. குருவிட்டையிலிருந்து எரத்னை வழியாக ஏறுவது அடர்ந்த காட்டுப் பாதை. பெரும்பாலோர் தேர்வது ஹட்டன் வழி. கொழும்பிலிருந்து பதுளை செல்லும் ரயிலில் ஹட்டனில் இறங்கி, நோர்வூட், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணியை அடைய வேண்டும். அங்கிருந்து சுமார் ஏழு கிலோமீட்டர். 5,000-க்கும் மேற்பட்ட படிகள். ஏறும் உயரம் மட்டும் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர்.

ஹட்டனிலிருந்து நல்லதண்ணிக்குச் செல்லும் சாலை, தமிழர்கள் தனிக் கவனத்தோடு பார்க்க வேண்டிய சாலை. இருபுறமும் தேயிலை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் காட்டை அழித்துக் காப்பி நட்டார்கள். காப்பியை இலைநோய் அழித்தபின் தேயிலை நட்டார்கள். நட்ட கைகள் தமிழகத்திலிருந்து சென்ற கைகள். அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் லயங்கள் எனப்படும் தோட்ட வரிசை வீடுகளில் வாழ்கிறார்கள். விடியற்காலையில் கூடை சுமந்து கொழுந்து பறிக்கச் செல்லும் பெண்கள் அண்ணாந்து பார்க்கும் மலை அதுதான். சாலையோரத்தில் விரியும் மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்தின் அடியில் பழைய மஸ்கெலியா நகரம் கிடக்கிறது. அணை கட்டியபோது மூழ்கிய நகரம். கடும் வறட்சியில் நீர் வற்றும்போது பழைய கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் வெளியே தலைகாட்டும். மலையுச்சியில் மட்டுமல்ல, மலையடியிலும் அந்தச் சமயங்கள் அருகருகே இருந்தன என்பதற்கு அந்த இடிபாடுகளே சாட்சி.

நல்லதண்ணியில் இரவு பன்னிரண்டு மணிக்குமேல் ஏறத் தொடங்குவது வழக்கம். பருவகாலத்தில் பாதை முழுவதும் மின்விளக்கு எரியும். கீழிருந்து பார்த்தால் இருளில் மலையின் உருவம் தெரியாது. வளைந்து வளைந்து மேலேறும் விளக்கு வரிசை மட்டும் தெரியும். மகர தோரணத்தைக் கடந்தால் ஜப்பானியத் துறவிகள் கட்டிய வெண்ணிறச் சமாதானத் தாதுகோபம். அதற்கு அருகே சீத கங்குல என்னும் ஓடை. உடல் விறைக்கும் குளிர்நீர். யாத்திரிகர்கள் அதில் கை கால் கழுவி, சிலர் முழுகியும் எழுந்து, வெள்ளுடை உடுத்தி ஏறுகிறார்கள்.

அதற்கு மேலே ஊசிமலை. புத்தர் தம் சீவர ஆடையைத் தைத்த இடம் என்பது மரபு. இங்கேதான் நூல் கட்டும் வழக்கம். ஒரு முதியவள் மடியிலிருந்து வெள்ளை நூல் உருண்டையை எடுக்கிறாள். ஊசியில் நூலைக் கோத்து, ஏற்கெனவே அங்கே குவிந்திருக்கும் ஆயிரக்கணக்கான இழைகளுக்கு நடுவே குத்திவைக்கிறாள். பிறகு உருண்டையைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறுகிறாள். அவள் ஏற ஏற நூல் பிரிந்து பாதையோரத்தில் நீள்கிறது. பின்னால் வரும் இளைஞர்கள் அதை மிதித்துவிடாமல் ஒதுங்குகிறார்கள். யாரும் யாருக்கும் கட்டளையிடவில்லை. படிக்கட்டின் ஒழுங்கு இப்படித்தான் கைமாறுகிறது.

கிராமங்களிலிருந்து வரும் குழுக்களுக்குத் தலைவர் ஒருவர் இருப்பார். நடே குரா என்பார்கள். பலமுறை ஏறிப் பழகியவர். யார் முன்னே நடப்பது, எங்கே நிற்பது, யார் களைத்தார் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. எதிரே இறங்கி வருவோர் ‘கருணாவாய்’ என்று வாழ்த்துவார்கள். முன்பின் அறியாத ஒருவர், அறியாத மொழியில், ஏறிக் களைத்தவரைப் பார்த்து அருள் உண்டாகட்டும் என்று சொல்லிக் கடந்து போகிறார். அந்த வாழ்த்தைப் பெறுவதற்கு எந்தச் சமயச் சான்றிதழும் தேவையில்லை. படியில் கால் வைத்திருந்தால் போதும்.

வழிநெடுகக் கடைகள். இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்டீ, சுடச்சுட ரொட்டி, கித்துள் கருப்பட்டி. கடைசிப் பகுதி மஹகிரிதம்ப. செங்குத்தான ஏற்றம். கைப்பிடிக் கம்பியைப் பற்றித்தான் ஏற முடியும். விடுமுறை நாளிலும் பௌர்ணமியிலும் கூட்டம் தேங்குவது இங்கேதான். ஏன் தேங்குகிறது? எல்லாரும் ஒரே நேரத்தில், சூரியன் எழுமுன், ஒரே சிறிய முற்றத்தை அடைய விரும்புகிறார்கள். மேலே இடம் குறைவு. ஏறியவர் இறங்கினால்தான் அடுத்தவர் ஏற முடியும். சாதாரண நாளில் மூன்று நான்கு மணி நேரத்தில் முடியும் ஏற்றம், கூட்ட நாளில் இரு மடங்கும் ஆகலாம். ஒரு படியில் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் நிற்க நேரும். அப்போது வரிசையில் எங்கோ ஒரு குரல் துதிப்பாடல் தொடங்கும். முன்வரிசை ஓர் அடி பாட, பின்வரிசை அடுத்த அடியை வாங்கிப் பாடும். குளிரும் களைப்பும் மறக்கும். நின்ற வரிசை மெல்ல நகரும்.

இப்போது உச்சி.

செருப்பைக் கழற்றிவிட்டு முற்றத்தில் கால் வைக்க வேண்டும். கல்தளம் பனிக்கட்டிபோல் குளிரும். உயரம் ஆயிரம் மீட்டர் கூடும்போது வெப்பம் ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும். ஆகவே கொழும்பைவிட இங்கே பதினான்கு பாகை அளவுக்குக் குறைவு. வியர்த்த உடம்பில் காற்றும் சேர்ந்தால் பல் கிட்டும். பாதத்தை வணங்கியபின் மணி. எத்தனையாவது முறையாக ஏறினாரோ அத்தனை முறை மணியடிப்பது மரபு. முதல்முறை வந்த சிறுவன் ஒருமுறை அடித்துவிட்டுப் பெருமையோடு திரும்புவான். அடுத்து வரும் முதியவர் அடிக்கத் தொடங்குவார். மணி நிற்காது. சுற்றியிருப்போர் வாய்க்குள் எண்ணத் தொடங்குவார்கள்.

கிழக்கு வெளுக்கும்போது முற்றம் முழுவதும் கிழக்கே திரும்பும். மலைமுகடுகளுக்கு இடையே மேகம் கடல்போல் பரந்திருக்கும். முதல் கதிர் தெரிந்ததும் ‘சாது, சாது’ என்ற ஒலி எழும், பறை முழங்கும், கைகள் குவியும். சூரியன் எழும்பிப் பாதத்தை வணங்குகிறான் என்பது மக்கள் நம்பிக்கை. இர சேவய என்று இதற்குப் பெயர்.

பெரும்பாலான சுற்றுலாப் பயணிகள் சூரியனைப் படம் பிடித்ததோடு திருப்தி அடைகிறார்கள். அவர்கள் உடனே திரும்பி மேற்கே பார்க்க வேண்டும். மலையின் நிழல் மேற்குச் சமவெளியின் பனிமூட்டத்தின்மேல், கோடு கிழித்த முக்கோணமாக, பல கிலோமீட்டர் தூரத்துக்கு நீண்டு கிடக்கும். மலையே கூம்பு வடிவம் என்பதால் நிழலும் கூம்பாக இருக்கிறது என்று பலர் எண்ணுவார்கள். காரணம் அதுமட்டுமன்று. தொடுவானத்துச் சூரியன் வீழ்த்தும் நிழல் மிக நீளமானது. நீண்டு செல்லும் தண்டவாளங்கள் தூரத்தில் ஒன்றுசேர்வதுபோலத் தெரிகின்றன அல்லவா? அதே விதிப்படி, உச்சியில் நிற்பவரின் கண்ணுக்கு நிழலின் இரு ஓரங்களும் தூரத்தில் ஒரு புள்ளியில் குவிகின்றன. எந்த வடிவ மலையின் உச்சியில் நின்றாலும் விடியல் நிழல் முக்கோணமாகவே தெரியும். சூரியன் ஏற ஏற அந்த முக்கோணம் சுருங்கி, மலையடியை நோக்கி வந்து, சிறிது நேரத்தில் கரைந்துவிடும். இதைக் காணக் காசு வேண்டாம், கருவி வேண்டாம். திரும்பிப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

கடைசியாக, நடந்துகொள்ளும் முறை.

கூட்டம் குறைவாக வேண்டுமென்றால் சனி, ஞாயிறு, பௌர்ணமி, நீண்ட விடுமுறை ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். வேலைநாளில், நல்லதண்ணியிலிருந்து இரவு ஒன்று அல்லது இரண்டு மணிக்குத் தொடங்கினால் போதும். மிக விரைவாக ஏறி, குளிரில் மணிக்கணக்காக மேலே காத்திருப்பதில் பயனில்லை. வியர்வை நனைந்த சட்டையை மாற்ற உலர்ந்த சட்டை ஒன்றும், காற்றைத் தடுக்கும் கம்பளி ஆடையும் அவசியம். இதய நோயும் மூச்சுத் தொல்லையும் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டபின் புறப்பட வேண்டும். படியின் நடுவில் நின்று இளைப்பாறக் கூடாது. ஒதுங்கி நிற்க வேண்டும். முழங்கால் வலிப்பது பெரும்பாலும் இறக்கத்தில்தான் என்பதால் இறங்கும்போதும் நிதானம் வேண்டும். தோளும் முழங்காலும் மறைய உடுத்த வேண்டும். வணங்குவோரின் முகத்துக்கு நேரே கைபேசியை நீட்டக் கூடாது. சூரியனைக் கண்டு, நிழலைக் கண்டு, பாதத்தை வணங்கியதும் இறங்கிவிட வேண்டும். ஏன்? கீழே மஹகிரிதம்பவில், குழந்தையோடு ஒரு தாய் இரண்டு மணி நேரமாக நிற்கிறாள். அவளுக்கும் அந்த முற்றம் உரியது.

மே மாதத்தில் வெசாக் பௌர்ணமியோடு பருவகாலம் முடிகிறது. சமன் தெய்வத்தின் சிலையும் புனிதப் பேழையும் மலையிலிருந்து இறக்கப்பட்டுப் பெல்மதுளை கல்பொத்தாவல விகாரைக்குத் திரும்புகின்றன. தென்மேற்குப் பருவமழை தொடங்குகிறது. விளக்குகள் அணைகின்றன, கடைகள் மூடுகின்றன. அந்த மாதங்களில் ஏறுவோர் வழுக்கும் படிகளையும், திடீர் மூடுபனியையும், கடுங்காற்றையும் எதிர்கொள்ள வேண்டும். துணையின்றி ஏறுவது தகாது.

யாத்திரிகர்கள் இறங்கியபின் மலையில் எஞ்சுவது என்ன? பிளாஸ்டிக் போத்தல்கள், பொலித்தீன் பைகள், உணவுப் பொட்டலங்கள். ஒவ்வோர் ஆண்டும் தொண்டர்கள் மூட்டை மூட்டையாகக் குப்பையைச் சுமந்து இறக்குகிறார்கள். அவர்கள் கைக்கு எட்டாத பள்ளங்களில் விழுந்தது அங்கேயே கிடக்கிறது. மழை அதை ஓடைக்கு இழுக்கும், ஓடை ஆற்றுக்கு இழுக்கும். அந்த ஆற்றைத்தான் ஒரு நாடு குடிக்கிறது. உச்சியில் பாதத்தை வணங்கிவிட்டு, வழியில் வெற்றுப் போத்தலை வீசுவது என்ன வழிபாடு? மேலே கொண்டுசென்ற ஒவ்வொரு பொருளையும் கீழே கொண்டுவருவதே அந்த மலைக்குச் செலுத்தும் முதல் காணிக்கை.

விஜயபாகு வழிப்போக்கனுக்குச் சோறு அளித்தான். ஆரியச் சக்கரவர்த்தி வேற்றுச் சமயத்துப் பயணிக்குப் பல்லக்கும் துணையும் அளித்தான். மன்னர்களுக்கு அவரவர் வசதிக்கேற்ற கடமை. இன்றைய பயணிக்குள்ள கடமையோ எளியது: பின்னால் வருபவருக்கு வழியும், மலைக்குத் தூய்மையும். இவ்விரண்டையும் தருபவர் எந்தச் சமயத்தவராயினும், எந்த நாட்டவராயினும், சிவனொளிபாதமலையின் யாத்திரிகரே.